புரதங்களின் குறுங்கோலங்களும் அவற்றைப் பதிந்து வைக்கும் தரவுத்தளங்களும்

(விஞ்ஞானம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகிய இரு பாடங்களுக்கும் துணையான விளக்கக் கட்டுரை)



விஞ்ஞான பாடத்தில் புரதம் பற்றிப் படிக்கிறீர்கள். தகவல் தொடர்பாடல் தொழினுட்ப பாடத்தில் தரவுத்தளம் பற்றிப் படிக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு கொப்பிகளில் இருப்பதால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இன்றைய உயிரியல் ஆய்வில் இவ்விரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. அச் சேர்க்கைக்கு ஒரு நல்ல உதாரணத்தை இங்கு நோக்குவோம். அத்துடன் "பொருந்துகிறது" என்பதற்கும் "நிரூபிக்கப்பட்டது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் விளங்கிக்கொள்வோம். இந்த வேறுபாடு தெரியாததால் விஞ்ஞான வினாக்களில் புள்ளிகளை இழக்கும் மாணவர்கள் ஏராளம்.

1. புரதம் – ஒரு மீட்டல்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் பெப்தைட்டுப் பிணைப்பினால் வரிசையாக இணைந்து உருவாகும் நீண்ட சங்கிலி ஆகும். புரதங்களை ஆக்கும் பிரதான அமினோ அமிலங்கள் 20 உள்ளன. விஞ்ஞானிகள் ஒவ்வொன்றையும் ஓர் ஆங்கில எழுத்தினால் குறிப்பர். இக் கட்டுரைக்குத் தேவையானவை வருமாறு:

ஆர் – ஆர்ஜினீன்
ஜி – கிளைசீன்
டி – அஸ்பாட்டிக் அமிலம்
கே – லைசீன்
ஈ – குளூட்டாமிக் அமிலம்
எல் – லியூசீன்
பீ – புரோலீன்
வை – தைரோசீன்

ஆகவே ஒரு புரதத்தை 20 எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு நீண்ட சொல் எனக் கொள்ளலாம். சில புரதங்கள் 50 எழுத்துக்கும் குறைந்தவை. சில ஆயிரக்கணக்கான எழுத்துக்கள் கொண்டவை.

2. குறுங்கோலம் என்றால் என்ன?

கணித பாடத்தில் எண்கோலங்கள் படித்திருக்கிறீர்கள். அதுபோல, புரதச் சங்கிலியில் ஒரு குறிப்பிட்ட தொழிலைச் செய்யும் சிறிய அமினோ அமில வரிசை குறுங்கோலம் எனப்படும். இது பெரும்பாலும் 3 முதல் 10 வரையான அமினோ அமிலங்களைக் கொண்டிருக்கும்.

இதனை விளங்கிக்கொள்ள வேறெங்கும் போகத் தேவையில்லை. உங்கள் தமிழ் இலக்கணமே போதும்.

"வீடு" என்ற சொல்லுடன் "கு" என்னும் நான்காம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் "வீட்டுக்கு" என்று ஆகிறது. "அவன் வீட்டுக்குப் போனான்" என்னும்போது, எங்கே போனான் என்பதை அந்த ஓர் எழுத்துத்தான் காட்டுகிறது. உருபு சிறியது, அது செய்யும் வேலையோ பெரியது. அதனை எடுத்துவிட்டால் சொல் இருக்கும், ஆனால் போகும் இடம் தெரியாது.

புரதத்தின் குறுங்கோலமும் இத்தகையதே. "இப் புரதம் கலத்தின் இந்தப் பகுதிக்குப் போக வேண்டும்", "இவ்விடத்தில் இன்னொரு புரதம் வந்து ஒட்ட வேண்டும்", "இவ்விடத்தில் நொதியம் வெட்ட வேண்டும்", "இப் புரதத்தை அழித்துவிட வேண்டும்" என்பன போன்ற கட்டளைகளை அது தாங்கி நிற்கிறது.

3. மூன்று உதாரணங்கள்

(அ) கே-டி-ஈ-எல் : இருப்பிடம் காட்டும் கோலம்

கலத்தினுள் அகமுதலுருச் சிறுவலை உண்டு. கலத்துக்கு வெளியே சுரக்கப்பட வேண்டிய புரதங்கள் அதனூடாகவே செல்லும். ஆனால் சில புரதங்கள் வெளியேறாமல் அச் சிறுவலையினுள்ளேயே தங்கி வேலை செய்ய வேண்டியவை. அவை எவ்வாறு தங்குகின்றன?

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சோன் மன்றோ, ஹியூ பெல்காம் ஆகியோர் 1987இல் இதற்கு விடை கண்டனர். சிறுவலையில் தங்கும் "பிப்" என்னும் புரதத்தின் கடைசி நான்கு அமினோ அமிலங்கள் கே-டி-ஈ-எல் ஆகும். அவர்கள் இரண்டு பரிசோதனைகளைச் செய்தனர்.

முதலாவது: பிப் புரதத்தின் முனையிலிருந்து அந்நான்கையும் நீக்கினர். புரதம் தங்காமல் கலத்துக்கு வெளியே சுரக்கப்பட்டது.

இரண்டாவது: வழமையாக வெளியே சுரக்கப்படும் லைசோசைம் என்னும் புரதத்தின் முனையில் அக் கோலத்தைச் சேர்த்தனர். அது வெளியேறாமல் சிறுவலையில் தேங்கியது.

நீக்கியபோது தொழில் இல்லாமற் போனது. சேர்த்தபோது தொழில் தோன்றியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே "இக் கோலம்தான் காரணம்" என்ற முடிவு உறுதியாகிறது. பரிசோதனை தொடர்பான வினாக்களுக்கு விடை எழுதும்போது இந்த ஒழுங்கை நினைவிற் கொள்க.

(ஆ) ஆர்-ஜி-டி : ஒட்டுவதற்கான கோலம்

கலங்கள் தம்மைச் சூழவுள்ள பொருள்களுடன் ஒட்டிக்கொள்வதற்கு பைபுரோனெக்ரின் என்னும் மிகப் பெரிய புரதம் உதவுகிறது. அதன் ஒரு சங்கிலியில் 2,000 இற்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. 1984இல் மைக்கேல் பியர்ஸ்பாக்கர், எர்க்கி ருவோஸ்லாட்டி ஆகியோர், ஆர்-ஜி-டி என்ற மூன்றையும் அதனை அடுத்துவரும் ஒன்றையும் கொண்ட சின்னஞ்சிறு துண்டே கலங்களை ஒட்டச் செய்யும் எனக் காட்டினர். கலமென்சவ்வில் உள்ள இன்ரெகிரின் என்னும் புரதங்களே இக் கோலத்தை இனங்கண்டு பற்றிக்கொள்கின்றன.

இக் கோலம் நமது நாட்டிலும் வாழும் ஒரு பாம்பின் நஞ்சில் உள்ளது. வட பகுதியின் உலர் கரையோரங்களில் காணப்படும் சுருட்டை விரியனை அறிவீர்கள். அவ்வினத்தின் நஞ்சிலிருந்து எக்கிஸ்ராற்றின் என்னும் 49 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் 24, 25, 26 ஆம் இடங்களில் இருப்பது ஆர்-ஜி-டி ஆகும்.

காயம் ஏற்பட்டால் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுசேர வேண்டும். பைபிரினோஜன் என்னும் குருதிப் புரதம் அவற்றின் இன்ரெகிரின்களைப் பற்றி அவற்றை ஒன்றோடொன்று இணைக்கிறது. எக்கிஸ்ராற்றின் தன் ஆர்-ஜி-டி கோலத்தினால் அவ்விடத்தை முந்திப் பிடித்துவிடும். பைபிரினோஜனுக்கு இடமில்லை, சிறுதட்டுகள் ஒன்றுசேரா.

நஞ்சு செய்யும் இதே வேலை மாரடைப்பு நோயாளிக்கு நன்மையாகலாம் அல்லவா? இதயத்துக்குக் குருதி வழங்கும் நாடியில் சிறுதட்டுகள் திரண்டு அடைப்பதைத் தடுக்க வேண்டும். எக்கிஸ்ராற்றினின் இக் கோலத்தைப் பின்பற்றி வடிவமைக்கப்பட்ட ரைரோபிபான் என்னும் மருந்து 1998இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மூன்று அமினோ அமிலங்களைச் சரியாக அறிந்ததன் பயன் இது.

(இ) பீ-பீ-?-வை : அகற்றுவதற்கான கோலம்

இங்கு கேள்விக்குறி உள்ள இடத்தில் எந்த அமினோ அமிலமும் வரலாம். சிறுநீரகக் கலங்களில் சோடியத்தை உள்ளெடுக்கும் வாயில் போன்ற ஒரு புரதம் உண்டு. அதன் முனைப் பகுதியில் இக் கோலம் உள்ளது. வேலை முடிந்த வாயில்களை அகற்றும் புரதம் இக் கோலத்தைப் பற்றியே அவற்றை இனங்காண்கிறது.

பரம்பரை அலகில் ஏற்படும் விகாரத்தினால் இக் கோலம் கெட்டுவிட்டால் வாயில்கள் அகற்றப்படாமல் மேற்பரப்பில் குவியும். உடல் சோடியத்தையும் அதனோடு நீரையும் அளவுக்கு மிஞ்சி வைத்துக்கொள்ளும். இதனால் இளம் வயதிலேயே உயர் குருதியமுக்கம் உண்டாகும். 1963இல் கிராண்ட் லிடில் என்னும் மருத்துவர் விவரித்த இந்நோய் லிடில் நோய் எனப்படும். இதற்குக் காரணமான விகாரம் 1994இல் கண்டறியப்பட்டது. அவ்வாயிலையே நேரடியாக அடைக்கும் அமிலோரைட் என்னும் மருந்து இந்நோயாளிகளுக்குப் பயன் தருகிறது. காரணம் தெரிந்தால் மருந்தைத் தெரிவு செய்வது இலகு.

4. தேடிக் கண்டுபிடித்தால் போதுமா?

இப்போது ஒரு வினா. கணினியில் எல்லா மனிதப் புரதங்களையும் இட்டு "ஆர்-ஜி-டி உள்ளவற்றை எடு" என்று கேட்டால், வரும் புரதங்கள் எல்லாம் இன்ரெகிரினுடன் ஒட்டுமா?

நிகழ்தகவைக் கொண்டு கணித்துப் பார்ப்போம். 20 அமினோ அமிலங்களும் சம வாய்ப்புடன் வருகின்றன எனக் கொள்வோம். (உண்மையில் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் வரும். இது அண்ணளவான கணிப்பே.)

முதலிடத்தில் ஆர் வருவதற்கான நிகழ்தகவு = 1/20
அடுத்து ஜி வருவதற்கான நிகழ்தகவு = 1/20
அடுத்து டி வருவதற்கான நிகழ்தகவு = 1/20
மூன்றும் அவ்வரிசையில் வருவதற்கான நிகழ்தகவு = 1/20 × 1/20 × 1/20 = 1/8,000

மனிதனில் ஏறத்தாழ 20,000 பரம்பரை அலகுகள் புரதங்களுக்கானவை. அலகுக்கு ஒரு புரதம் என எடுத்தாலும், எல்லாவற்றிலும் சேர்த்து 1 கோடிக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கும். 1 கோடி என்றே கொண்டால்,

10,000,000 ÷ 8,000 = 1,250

அதாவது எந்தத் தொழிலும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் ஆர்-ஜி-டி தென்படும் என எதிர்பார்க்கலாம். கோலம் குறுகியதாக இருக்கும் அளவுக்குத் தற்செயற் பொருத்தம் கூடும்.

மீண்டும் தமிழுக்கு வருவோம். "கு" என்பது நான்காம் வேற்றுமை உருபு. ஆனால் "குடம்" என்ற சொல்லிலும் "கு" இருக்கிறது. அது உருபு அன்று. உருபு சொல்லின் இறுதியில் வர வேண்டும். சரி, இறுதியில் வந்தால் போதுமா? "குரங்கு", "சங்கு", "விளக்கு" எல்லாம் "கு" என்றே முடிகின்றன. அவற்றில் உருபு இல்லை. "குரங்குக்கு" என்னும்போதுதான் உருபு வருகிறது. எழுத்தைக் கண்டவுடன் உருபு என்று எழுதுபவருக்குப் புள்ளி கிடையாது. சொல் எது, எங்கே வந்தது, என்ன பொருள் தந்தது என்று பார்க்க வேண்டும்.

புரதத்திலும் அப்படியே. கே-டி-ஈ-எல் சங்கிலியின் இறுதியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் பயனில்லை. இறுதியில் இருந்தாலும், அப் புரதம் சிறுவலைக்குள் நுழையாத புரதமாயின் அக் கோலத்துக்கு வேலை இல்லை. இன்ரெகிரின் ஆர்-ஜி-டியைப் பற்றும் பகுதி கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கருவுக்குள் மட்டும் வாழும் ஒரு புரதத்தில் ஆர்-ஜி-டி இருப்பின் அது இன்ரெகிரினைச் சந்திக்கவே மாட்டாது. புரதம் மடியும்போது கோலம் உள்ளே புதைந்துவிட்டாலும் வேறு புரதம் அதனைத் தொட முடியாது.

5. ஆய்ந்து தொகுக்கப்பட்ட தரவுத்தளங்கள்

இக் காரணத்தினாலேயே, கணினி கண்டெடுத்தவற்றை அப்படியே கொட்டி வைக்காமல், மனிதர் வாசித்துச் சரிபார்த்துப் பதியும் தரவுத்தளங்கள் தேவைப்பட்டன. இவை ஆய்ந்து தொகுக்கப்பட்ட தரவுத்தளங்கள் எனப்படும். இரண்டை மட்டும் அறிந்துகொள்வோம்.

புரோசைற்: சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் அமோஸ் பெய்ரோக் என்பவரால் 1988இல் தொடங்கப்பட்டது. இதில் ஒவ்வொரு கோலத்துக்கும் தனியான இலக்கம் உண்டு. சிறுவலையில் தங்கும் கோலம் பீ.எஸ்.00014 ஆகும். ஆர்-ஜி-டி கோலம் பீ.எஸ்.00016 ஆகும். எந்த இரு கோலங்களுக்கும் ஒரே இலக்கம் வராது. நீங்கள் படித்த முதன்மைச் சாவி என்பதற்கு இது நல்ல உதாரணம். குறுங்கோலங்கள் மட்டுமன்றி, நீண்ட புரதப் பகுதிகளை இனங்காணும் விபரங்களும் இதில் உள்ளன. தற்செயலாக அடிக்கடி பொருந்தக்கூடிய கோலங்கள் தனியாக அடையாளமிடப்பட்டுள்ளன. தேடுபவர் அவற்றை விலக்கிவிட்டுத் தேடவும் வசதி உண்டு.

ஈ.எல்.எம்: இது 2003இல் வெளியிடப்பட்டது. ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தை மையமாகக் கொண்டு வளர்ந்தது. கருவுடைய கலங்களைக் கொண்ட அங்கிகளின் குறுங்கோலங்களுக்கென்றே அமைக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துத் தொகுத்த 300 இற்கு மேற்பட்ட கோல வகுப்புகளும், பரிசோதனைச் சான்றுடைய 4,000 இற்கு மேற்பட்ட பதிவுகளும் இதில் உள்ளன. கோலங்கள் ஆறு பெரும் பிரிவுகளில் அடக்கப்பட்டுள்ளன: வெட்டும் இடம், அழிவுக்கு இட்டுச்செல்லும் இடம், நொதியம் வந்து தரிக்கும் இடம், பிற புரதம் பிணையும் இடம், இரசாயன மாற்றம் நிகழும் இடம், இருப்பிடம் காட்டும் இடம்.

ஒருவர் தமது புரத வரிசையை ஈ.எல்.எம்மில் இட்டுத் தேடும்போது மூன்று வடிகட்டல்கள் உதவுகின்றன.

(i) இப் புரதம் எந்த அங்கிக்கு உரியது? அவ்வங்கியில் இக் கோலம் தொழிற்படுமா?
(ii) கலத்தின் எப் பகுதியில் இப் புரதம் உள்ளது?
(iii) கோலம் வெளியே தெரியும் பகுதியில் உள்ளதா, மடிப்பினுள் புதைந்துள்ளதா?

6. பதிவு ஒன்றின் அமைப்பு

தரவுத்தளத்தில் தரவுகள் அட்டவணையாக இருக்கும். நிரல்கள் புலங்களையும் நிரைகள் பதிவுகளையும் குறிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். விளக்கத்துக்காகச் சிறிதாக அமைத்த பின்வரும் அட்டவணையை அவதானிக்க. (மூன்றாம் பதிவு பயிற்சிக்காகச் சேர்த்த கற்பனைப் பதிவாகும்.)

பதிவு இலக்கம் | புரதம் | அங்கி | கோலம் | இடம் | சான்று | தீர்மானம்
001 | எக்கிஸ்ராற்றின் | சுருட்டை விரியன் | ஆர்-ஜி-டி | 24–26 | சிறுதட்டு ஒன்றுசேர்தல் பரிசோதனை | உண்மையான கோலம்
002 | பிப் | எலி | கே-டி-ஈ-எல் | 651–654 | நீக்கியும் சேர்த்தும் செய்த பரிசோதனை | உண்மையான கோலம்
003 | புரதம் "அ" | மனிதன் | ஆர்-ஜி-டி | 110–112 | கணினித் தேடல் மட்டும் | தெரியாது

இவ் அட்டவணையில் மிக முக்கியமான புலம் எது? பலர் "கோலம்" என்பார்கள். கோலத்தைக் கணினி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். "சான்று" என்னும் புலத்தை நிரப்புவதற்குத்தான் யாரோ ஒருவர் ஆய்வுகூடத்தில் மாதக்கணக்கில் வேலை செய்திருக்க வேண்டும். இன்னொருவர் அவ்வாய்வுக் கட்டுரையை முழுவதும் வாசித்திருக்க வேண்டும். தொகுப்பாளர் கேட்கும் கேள்விகள் இவை: கோலத்தை மாற்றியபோது தொழில் இல்லாமற் போனதா? பரிசோதனை உயிருள்ள கலத்தில் நடந்ததா, பரிசோதனைக் குழாயில் மட்டுமா? இரண்டு வெவ்வேறு முறைகள் ஒரே முடிவைத் தந்தனவா?

"தீர்மானம்" என்னும் புலத்தையும் கவனிக்க. ஈ.எல்.எம் உண்மையான கோலங்களை மட்டும் பதிவதில்லை. பரிசோதித்தபோது பொய்யெனத் தெரிந்த பொருத்தங்களையும் பதிகிறது. "இது அன்று" என்று எழுதி வைப்பதும் அறிவே. இல்லாவிடில் அடுத்தவர் அதே வழியில் போய்க் காலத்தையும் பணத்தையும் வீணாக்குவார். சான்று போதாதபோது "தெரியாது" என்று பதிவதும் முறையான விடையே.

இத் தரவுத்தளத்தை மருந்து வடிவமைப்பவரும், நோயாளியின் விகாரம் ஆபத்தானதா என்று பார்ப்பவரும் நம்பிப் பயன்படுத்துகிறார்கள். லிடில் நோயில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் நோய் வரலாம். அதே அளவு மாற்றம், தொழிலற்ற ஒரு தற்செயற் பொருத்தத்தில் நிகழ்ந்தால் அக் கோலம் கெட்டதனால் எதுவும் நேராது. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவது சரியாக நிரப்பப்பட்ட அந்த ஒரு புலமே.

நினைவிற் கொள்க

• குறுங்கோலம் என்பது புரதத்தில் குறிப்பிட்ட தொழிலைச் செய்யும் சிறிய அமினோ அமில வரிசை.
• கோலம் குறுகியதாயின் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு அதிகம்.
• பொருத்தம் என்பது ஐயத்தின் தொடக்கம், பரிசோதனையே சான்று.
• கோலத்தின் இடம், புரதத்தின் இருப்பிடம், மடிப்பு ஆகியன தொழிலைத் தீர்மானிக்கும்.
• ஆய்ந்து தொகுக்கப்பட்ட தரவுத்தளத்தில் மனிதர் வாசித்துச் சரிபார்த்த சான்றுகள் இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. பின்வரும் வரிசை பயிற்சிக்காக அமைக்கப்பட்டது: எம்-ஏ-ஆர்-ஜி-டி-எல்-கே-டி-ஈ-எல். இதில் உள்ள இரு குறுங்கோலங்களையும் அவற்றின் இடங்களையும் எழுதுக.
2. இப் புரதம் கருவுக்குள் மட்டும் காணப்படுவதாகத் தெரியவந்துள்ளது. அவ்விரு கோலங்களும் அங்கு தொழிற்படும் எனக் கூறலாமா? காரணம் தருக.
3. கே-டி-ஈ-எல் என்ற நான்கும் ஓரிடத்தில் தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவு யாது? (20 உம் சம வாய்ப்புடையன எனக் கொள்க.)
4. மேலேயுள்ள அட்டவணையின் முதன்மைச் சாவி எது? "கோலம்" என்னும் புலம் ஏன் முதன்மைச் சாவியாகாது?
5. பதிவு 003 இன் தீர்மானத்தை "உண்மையான கோலம்" என மாற்றுவதற்கு நீங்கள் செய்யச் சொல்லும் ஒரு பரிசோதனையைக் குறிப்பிடுக.

விடைகள்

1. ஆர்-ஜி-டி (3–5), கே-டி-ஈ-எல் (7–10).
2. கூற முடியாது. இன்ரெகிரின் ஆர்-ஜி-டியைப் பற்றும் பகுதி கலத்துக்கு வெளியே உள்ளது. கே-டி-ஈ-எல் தொழிற்படுவதற்குப் புரதம் சிறுவலைக்குள் நுழைந்திருக்க வேண்டும்.
3. 1/20 × 1/20 × 1/20 × 1/20 = 1/160,000.
4. பதிவு இலக்கம். 001, 003 ஆகிய இரு பதிவுகளிலும் ஆர்-ஜி-டி என்ற ஒரே கோலம் வருவதால், அது ஒரு பதிவைத் தனித்து இனங்காட்டாது.
5. அக் கோலத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, கலங்கள் ஒட்டுவது குறைகிறதா எனப் பார்த்தல். மாற்றாத புரதத்தைக் கொண்டும் அதே பரிசோதனையைச் செய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். (ஒப்பிடுவதைக் குறிப்பிடாத விடை முழுமையாகாது.)

ஐந்தாம் வினாவுக்கு வேறு பொருத்தமான விடைகளும் உள்ளன. உங்கள் விடை இதனின்றும் வேறுபட்டால் உடனே வெட்டிவிட வேண்டாம். அது எதனை நிரூபிக்கிறது என்று ஒரு தரம் உங்களையே கேட்டுப் பார்த்துவிட்டு, பின்னர் சரியா பிழையா எனத் தீர்மானியுங்கள்.